கூண்டில் பச்சோந்தி இனப்பெருக்கம்: இணைசேர்ப்புக்கு முன்பிருந்து குஞ்சுகளைப் பிரிப்பது வரை

பச்சோந்திகளைக் கூண்டில் வளர்த்து இனப்பெருக்கம் செய்ய முனைபவர்களில் பலர், ஆணையும் பெண்ணையும் இணைசேர வைப்பதே பெரிய வேலை என்று எண்ணுகிறார்கள். உண்மையில் மிக எளிதாக முடிந்துவிடுவது அதுதான். யேமன் பச்சோந்தி போன்ற இனத்தில் ஆணே இல்லாவிட்டாலும் பெண் கருவுறாத முட்டைகளை இட்டுவிடும். அத்தனை முட்டைகளையும் சுமந்து, மண்ணைத் தோண்டி, இட்டு முடிக்கும் வலு தாயின் உடலில் இருக்கிறதா, இட்ட முட்டைகளை ஆறு மாதங்களுக்கும் மேலாக ஈரமும் வெப்பமும் பிசகாமல் காக்க முடியுமா, ஒரே வாரத்தில் பொரிந்து வரும் ஐம்பது குஞ்சுகளுக்கும் நாள்தோறும் உயிருள்ள நுண்ணிய பூச்சிகளைத் தர இயலுமா என்பவையே உண்மையான சவால்கள். ஆகவே இந்த வழிகாட்டியில் இணைசேர்ப்பைச் சுருக்கமாகவும், அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றை விரிவாகவும் எழுதுகிறேன்.

இனத்தைத் தேர்ந்தெடுத்தல்

உலகில் இருநூறுக்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உள்ளன; அவற்றில் ஏறக்குறையப் பாதி மடகாஸ்கர் தீவுக்கே உரியவை. கூண்டில் தலைமுறை தலைமுறையாகப் பெருகி வருபவை மிகச் சிலவே. யேமனையும் சவூதி அரேபியாவின் தென்மேற்கையும் தாயகமாகக் கொண்ட யேமன் பச்சோந்தி, மடகாஸ்கரின் வடக்கு, கிழக்குக் கடலோரங்களில் வாழும் பாந்தர் பச்சோந்தி, கென்யா, தான்சானியா நாடுகளின் மலைப்பகுதிகளைச் சேர்ந்த ஜாக்சன் பச்சோந்தி ஆகிய மூன்றும் அவற்றில் முதன்மையானவை. முதல் இரண்டும் முட்டையிடுபவை. ஜாக்சன் பச்சோந்தி மெல்லிய சவ்வுக்குள் இருக்கும் குட்டிகளை நேரடியாக ஈனும் இனம்; அதற்குக் குளிர்ந்த இரவுகள் இன்றியமையாதவை என்பதால், வெப்பமான இடங்களில் வாழ்பவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

எல்லா இனமும் கூண்டுக்கு ஏற்றதன்று. மடகாஸ்கரின் லபோர்ட் பச்சோந்தி முட்டைக்குள் எட்டு, ஒன்பது மாதங்களைக் கழித்துவிட்டு, வெளியே வந்தபின் நான்கைந்து மாதங்களில் வளர்ந்து, இணைசேர்ந்து, இறந்துவிடுகிறது. அந்த வாழ்க்கை தாயக மழைக்காலத்தின் தாளத்தோடு பிணைந்தது. அரிய இனத்தை வளர்க்க வேண்டும் என்ற ஆசை வரும்போது இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான பச்சோந்தி இனங்களின் பன்னாட்டு வணிகம், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தை முறைப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. இதற்கு மேல் ஒவ்வொரு நாட்டுக்கும் தனி வனவிலங்குச் சட்டம் உண்டு. வாங்கும் முன்பே உரிய ஆவணங்களைச் சரிபார்க்க வேண்டும். காட்டில் பிடிக்கப்பட்டவற்றை இனப்பெருக்கத்துக்கு வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பயணத்தில் நீர்ச்சத்தை இழந்து, குடற்புழுக்களோடு வந்து சேரும் அவற்றுள் பல, புதிய கூண்டுக்குப் பழகுவதற்குள்ளேயே மடிந்துவிடுகின்றன. கூண்டில் பிறந்தவற்றை வாங்கும்போதும் ஆணும் பெண்ணும் உடன்பிறப்புகளாக இல்லாதபடி வெவ்வேறு இடங்களிலிருந்து வாங்க வேண்டும். பாந்தர் பச்சோந்தியில் இன்னொரு சிக்கலும் உண்டு. மடகாஸ்கரின் அம்பிலோபே, அம்பாஞ்சா ஊர்கள், நோசி பே தீவு போன்ற இடங்களின் ஆண்கள் நிறத்தால் வேறுபடும். பெண்களோ எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே வெளிர் பழுப்பிலும் இளஞ்சிவப்பிலும் இருக்கும். பெண்ணின் தந்தை எந்த ஊர் வழி என்ற பதிவு இல்லையென்றால், அதன் குஞ்சுகளைக் குறிப்பிட்ட ஊர் வகை என்று சொல்லிக் கொடுக்க முடியாது.

கூண்டும் ஒளியும் நீரும்

பச்சோந்தி தனித்து வாழும் விலங்கு. ஆணும் பெண்ணும் ஒரே கூண்டில் இருக்கக் கூடாது. தனித்தனிக் கூண்டுகளில் இருந்தாலும் ஒன்றையொன்று நாள்முழுதும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. வளர்ந்த யேமன் அல்லது பாந்தர் ஆணுக்கு 60 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 120 செ.மீ. உயரம் கொண்ட, காற்றோட்டமான கூண்டு பொருத்தமானது. உள்ளே மணி பிளாண்ட், அத்தி இனச் செடி போன்றவற்றை அடர்த்தியாக வைத்து, பல தடிமன்களில் கிளைகளைக் குறுக்காகக் கட்ட வேண்டும். விலங்கு விரும்பினால் முழுமையாக மறைந்துகொள்ளும் அளவுக்கு இலை இருக்க வேண்டும் என்பதே அளவுகோல்.

வெயில் காயும் கிளையில் யேமன் ஆணுக்கு 29 முதல் 32 பாகை செல்சியஸ் போதும்; பெண்ணுக்கு 27 பாகையே போதுமானது, அதன் காரணம் பின்னால் வரும். கூண்டின் கீழ்ப்பகுதி இதைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். இரவில் வெப்பம் தெளிவாகக் குறைய வேண்டும். உடலில் வைட்டமின் டி3 உருவாக உதவும் புற ஊதா-பி கதிர் தரும் நீள்குழல் விளக்கை, வெயில் காயும் இடத்தில் புற ஊதாக் குறியீடு (கதிரின் வலுவைக் காட்டும் எண்) 3 அளவில் கிடைக்குமாறு பொருத்த வேண்டும். கூண்டின் மேல் வலை இந்தக் கதிரின் கணிசமான பங்கைத் தடுத்துவிடும். சாதாரணக் கண்ணாடி ஏறக்குறைய முழுவதையும் தடுத்துவிடும். சன்னலருகே வைத்தால் சூரிய ஒளி கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை இதனால்தான் பிழையானது. குழல் கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரிந்தாலும் கதிரின் வலு நாளடைவில் குறைந்துகொண்டே போகும் என்பதால், அளக்கும் கருவி இல்லாதவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றிவிட வேண்டும்.

பெரும்பாலான பச்சோந்திகள் கிண்ணத்தில் தேங்கிய நீரைத் தேடிப்போய்க் குடிப்பதில்லை; இலைகளில் உருளும் துளிகளையே நக்கிக் குடிக்கும். காலையில் விளக்கு எரிவதற்கு முன்னும் மாலையில் அணைந்த பின்னும் நுண்தெளிப்பு, பகலில் சிறிது நேரம் சொட்டுநீர் என்ற முறை நன்கு பயனளிக்கும். பகலில் இலைகள் உலர்ந்துவிட வேண்டும். வெப்பமும் ஈரமும் சேர்ந்து தேங்கிய காற்று நுரையீரல் தொற்றுக்கு வழிவகுக்கும். எச்சத்தோடு வரும், சிறுநீர்க் கழிவு இறுகிய யூரேட் கட்டியைத் தினமும் பார்க்கும் பழக்கம் வேண்டும்: அது வெண்மையாக இருந்தால் நீர் போதுமானது, அடர்ந்த மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ இருந்தால் போதவில்லை.

தாயைத் தயார்செய்தல்

தீனியாகத் தரும் கிரிக்கெட் பூச்சியில் சுண்ணாம்புச் சத்தைவிடப் (கால்சியம்) பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யாமல் விட்டால் குஞ்சாக இருக்கும்போதே எலும்பு மென்மையாகி, கால்கள் வளைந்து, தாடை தளர்ந்துவிடும். முட்டை சுமக்கும் பெண்ணுக்கோ கேடு இரட்டிப்பாகிறது: முட்டை ஓட்டுக்குத் தேவையான சுண்ணாம்பை அது தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது, தசைகள் சுருங்கி முட்டையை வெளித்தள்ளவும் அதே சத்துத்தான் வேண்டும். எனவே பூச்சிகளுக்கு முதல் நாளே கீரை, கேரட், பூசணி போன்றவற்றை ஊட்டிய பின்னர், வைட்டமின் டி3 சேராத கால்சியம் தூளை மெல்லியதாகத் தூவி, ஒவ்வொரு வேளையும் தர வேண்டும். டி3, வைட்டமின் ஏ ஆகியவை அடங்கிய கலவையை இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை தந்தால் போதும். வைட்டமின் ஏ குறைந்தால் கண்கள் வீங்கும், நாக்கின் குறி தவறும், தோலுரிப்பு தடைபடும், மிகுந்தாலும் நஞ்சாகும். கூடுதலாகக் கொடுத்தால் நல்லது என்ற எண்ணத்தை இந்த இடத்தில் முற்றிலுமாகக் கைவிட வேண்டும்.

இனி, பெண்ணுக்கு ஏன் வெப்பத்தைக் குறைக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். யேமன் பெண் பச்சோந்தி, தீனி மிகுதியாகவும் வெப்பம் உயர்வாகவும் இருக்கும் காலத்தை வளமான பருவமாகக் கொண்டு, இயன்ற அளவு முட்டைகளை உருவாக்கிவிடும். வயிறு நிறையத் தீனி போடப்பட்ட பெண் ஒரே ஈட்டில் எழுபது, எண்பது முட்டைகள் இடுவதும், ஆண்டுக்கு மூன்று முறை இடுவதும், இரண்டு மூன்று வயதுக்குள் தேய்ந்து இறப்பதும் வளர்ப்பாளர்கள் நன்கறிந்தவை. வளர்ச்சி முடிந்த பெண்ணுக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் சில பூச்சிகளை மட்டும் தந்து, வெயில் காயும் இடத்தை 27 பாகைக்கு மேல் போகாமல் வைத்தால் முட்டைகளின் எண்ணிக்கை குறைகிறது, ஆயுளும் நீள்கிறது. நிறைய முட்டை என்பதைப் பெருமையாகச் சொல்லும் வழக்கம் எனக்கு ஏற்புடையதன்று.

ஒரு வயது நிறைவதற்கு முன் எந்தப் பெண்ணையும் இணைசேர்க்கக் கூடாது. நான்கைந்து மாதங்களிலேயே யேமன் பெண் பருவமடைந்துவிடும். ஆனால் அப்போது அதன் எலும்புகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். இணைசேர்ப்புக்கு முன் இரண்டு விலங்குகளின் எச்சத்தையும் ஊர்வன மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரிடம் புழுப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும்.

இணைசேர்த்தல்

பெண்ணின் நிறமே விடை சொல்லும். யேமன் பெண்ணின் பச்சை உடலில் நீலப் புள்ளிகள் தெளிவாகத் தோன்றும்போதும், பாந்தர் பெண் ஒரே சீரான இளஞ்சிவப்பாக மாறும்போதும் அது இணங்கும் நிலையில் இருக்கிறது. பெண்ணை ஆணின் கூண்டுக்குக் கொண்டுசென்று அருகிலிருந்து கவனிக்க வேண்டும். பெண் கருத்து, வாயைப் பிளந்து, சீறி, பக்கவாட்டில் ஆடினால் அது மறுப்பு. உடனே திரும்ப எடுத்துவிட வேண்டும். மெதுவாக நகர்ந்து விலகிச் சென்றால் ஆண் பின்தொடர்ந்து சேரும். பெண் கருமையான பின்னணியில் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் புள்ளிகளைக் காட்டத் தொடங்கியதும் வேலை முடிந்தது. அதன்பின் ஆணை அதன் கண்ணில் காட்டக் கூடாது. ஒருமுறை பெற்ற விந்தணுவைச் சேமித்து, அடுத்த ஈட்டையும் கருவுறச் செய்யும் திறன் பெண்ணுக்கு உண்டு. எனவே ஆண்டில் ஒரு சேர்ப்புக்கு மேல் தேவையில்லை.

முட்டையிடுதல்

யேமன் பெண் சேர்ந்த மூன்று, நான்கு வாரங்களிலும், பாந்தர் பெண் மூன்று முதல் ஆறு வாரங்களிலும் முட்டையிடும். முட்டையிடும் தொட்டியை அதற்கு வெகு முன்பே கூண்டில் வைத்துவிட வேண்டும். பருவமடைந்த பெண் எதுவாயினும், ஆணையே பார்த்திராதது ஆனாலும், அதன் கூண்டில் இந்தத் தொட்டி நிரந்தரமாக இருக்க வேண்டும். குறைந்தது 30 செ.மீ. ஆழமும் அதே அளவு அகலமும் வேண்டும்; பக்கங்கள் ஒளி புகாதவையாக இருக்க வேண்டும். கழுவிய மணலையும் உரம் கலக்காத தோட்டமண்ணையும் கலந்து நிரப்பி, கையால் பிடித்தால் உருண்டையாக நிற்கும், ஆனால் நீர் சொட்டாத பதத்துக்கு நனைக்க வேண்டும். விரலைச் செருகி ஒரு துளை போட்டுப் பாருங்கள். துளை இடிந்து விழுந்தால் பெண் தோண்டும் சுரங்கமும் இடிந்து விழும்.

நாள் நெருங்கியதும் பெண் உணவைக் குறைத்துக்கொண்டு, கூண்டின் அடியில் அமைதியின்றி அலையத் தொடங்கும். பிறகு தொட்டியில் இறங்கி முன்கால்களால் மண்ணைக் கிளறி, பின்கால்களால் வெளியே தள்ளும். வாலின் நுனி மட்டும் வெளியே தெரியும் அளவுக்கு உள்ளே போய்விடும். சில நேரம் இரண்டு மூன்று சோதனைக் குழிகள் தோண்டிக் கைவிடும். இரவில் சுரங்கத்திலேயே உறங்கினாலும் அச்சப்பட வேண்டியதில்லை. இந்த நேரத்தில் அதன் கண்ணில் மனித நடமாட்டம் பட்டால், குழியை விட்டு வெளியேறி முட்டைகளை உள்ளேயே தக்கவைத்துக்கொள்ளும். கூண்டைத் துணியால் மறைத்து, சிறு இடுக்கு வழியாகவோ கேமரா வழியாகவோ மட்டும் பார்க்க வேண்டும். இட்டு முடித்ததும் பெண் குழியை முழுமையாக மூடி, மண்ணைக் காலால் அழுத்திவிட்டு, வயிறு ஒட்டி, மெலிந்து மேலே ஏறும். அதன்பின் நீண்ட நேரத் தெளிப்பும், சில நாட்கள் தாராளமான உணவும் தர வேண்டும்.

முட்டை உள்ளே தங்கிவிடும் நிலையே கூண்டில் பெண் பச்சோந்திகள் இறப்பதற்கான முக்கியக் காரணங்களுள் ஒன்று. பகலில் கண்களை மூடியிருத்தல், கண்கள் குழிந்திருத்தல், கிளையில் ஏற இயலாமல் தரையிலேயே கிடத்தல், நாட்கணக்கில் தோண்டியும் முட்டையிடாமை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, நீரும் கால்சியமும் செலுத்தி, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை செய்வார்கள். ஓரிரு நாள் பார்க்கலாம் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். அருகில் அத்தகைய மருத்துவர் இல்லாதவர்கள் இனப்பெருக்கத்தில் இறங்கவே வேண்டாம் என்பேன்.

அடைகாப்பு

முட்டைகளை எடுக்கும்போது மண்ணைத் தூரிகையால் விலக்கி, எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கத்தை மென்மையான பென்சிலால் குறித்து, அதே நிலையில் மாற்ற வேண்டும். ஊர்வனவற்றின் முட்டைகளைக் கோழிமுட்டையைப் போலத் திருப்பக் கூடாது; கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிய பின் புரட்டினால் அது இறந்துவிடக்கூடும். ஈரத்தைப் பிடித்துவைக்கும் கனிமத் துகளான வெர்மிகுலைட்டின் எடைக்குச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ நீர் சேர்த்து, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் பரப்பி, முட்டைகளைப் பாதி புதையுமாறு, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு வைக்க வேண்டும். முட்டைகள் பின்னாளில் நீரை உறிஞ்சிப் பருக்கும் என்பதால் இந்த இடைவெளி தேவை. பெட்டியின் மொத்த எடையை முதல் நாளே எழுதிவைத்துக்கொண்டால், பின்னர் எத்தனை கிராம் நீர் ஆவியாகியது என்பதை ஊகிக்க வேண்டியிருக்காது. முட்டைகளின் எடை சிறிது கூடும் என்பதை மட்டும் மனத்தில் கொண்டு, நீரை ஓரங்களில் விட வேண்டும், முட்டைகள்மேல் விடக் கூடாது. மூடியில் திரளும் நீர் முட்டைமேல் சொட்டாதபடி பெட்டியைச் சற்றுச் சாய்த்து வைக்கலாம். வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்றை மாற்ற வேண்டும்.

யேமன் முட்டைகள் 26 முதல் 28 பாகையில் ஆறு முதல் ஒன்பது மாதங்களில் பொரியும். இங்கே பலர் செய்யும் ஒரு தவற்றைக் குறிப்பிட்டாக வேண்டும். இந்த இனத்தின் கரு, முட்டையிடப்படும்போது மிகத் தொடக்க நிலையில் இருக்கிறது. அதே நிலையிலேயே மேலும் பல வாரங்கள் உறங்கிவிடுகிறது. எனவே முதல் மாதத்தில் முட்டைக்குப் பின்னால் விளக்கொளி காட்டிப் பார்த்தால் ரத்தநாளம் எதுவும் தெரியாது. இதைக் கருவுறாத முட்டை என்று முடிவுசெய்து எறிந்துவிடுகிறார்கள். வெண்மையாக, உறுதியாக இருக்கும் முட்டை எதையும் எறியக் கூடாது. கெட்ட முட்டை தானாகவே மஞ்சளாகி, குழிந்து, பூஞ்சை பிடித்துவிடும். அதை மட்டும் அகற்றினால் போதும்.

பாந்தர் முட்டைகளின் கதை வேறு. மடகாஸ்கரில் அவை குளிர்ந்த, வறண்ட பருவத்தை மண்ணுக்குள் கழித்துவிட்டு, மழைக்காலத்தில் பொரிகின்றன. 22 முதல் 24 பாகையில் ஒரே சீராக வைத்தாலும் பொரியும். ஆனால் சில முட்டைகள் ஏழு மாதத்திலும் சில ஓராண்டு கழித்தும் பொரியலாம். ஆகவே அனுபவமுள்ளவர்கள் தொடக்கத்தில் சில வாரங்கள் மிதமான வெப்பத்திலும், பின்னர் ஓரிரு மாதங்கள் சில பாகைகள் குளிராகவும் வைத்து, அதன்பின் மீண்டும் வெப்பத்தைக் கூட்டி, அந்தப் பருவ மாற்றத்தைப் போலிசெய்கிறார்கள். எந்த முறையாயினும் 30 பாகையைத் தாண்டவிடக் கூடாது. வேகமாகப் பொரியவைக்க வெப்பத்தைக் கூட்டினால் சிறுத்த, வலுவற்ற குஞ்சுகளே கிடைக்கும். மின்தடை, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் கோளாறு ஆகியவற்றை முன்னெண்ணி, தனி வெப்பமானி ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும்.

பொரியும் நேரம் நெருங்கும்போது முட்டையின் மேற்பரப்பில் நீர்த்துளிகள் வியர்வை போல அரும்பும். முட்டை சற்றுத் தளர்ந்து சுருங்கும். பிறகு ஒரு முனையில் நட்சத்திர வடிவில் கீறல் விழுந்து, மூக்கு வெளியே வரும். அந்த நிலையில் குஞ்சு மணிக்கணக்கில், சில நேரம் ஒருநாள் முழுக்க, அசையாமல் இருக்கும். எஞ்சியிருக்கும் மஞ்சள்கரு உடலுக்குள் உறிஞ்சப்படும் நேரம் அது. உதவுவதாக எண்ணி இழுத்தால் மஞ்சள்கருப் பை கிழிந்து குஞ்சு இறந்துவிடும்.

குஞ்சு வளர்ப்பு

பெரும்பாலான இழப்புகள் முதல் இரண்டு மாதங்களில்தான் நேர்கின்றன. அவற்றில் பலவும் உணவுத் தட்டுப்பாட்டாலும் நீரிழப்பாலும் வருபவை. தீனி ஏற்பாட்டைப் பொரிப்புக்கு ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். பறக்காத பழ ஈக்களில் சிறிய வகைக்கு ஒரு வளர்ப்புப் புட்டியிலிருந்து புதிய ஈக்கள் வர ஏறக்குறைய இரண்டு வாரங்களும், பெரிய வகைக்கு மூன்று வாரங்களுக்கு மேலும் ஆகும். எனவே ஒரே நாளில் பத்துப் புட்டிகளைத் தொடங்காமல் வாரத்துக்கு இரண்டு மூன்றாகத் தொடங்கினால் இடைவெளி விழாது. கூடவே மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள கிரிக்கெட் குஞ்சுகளும் தேவை. குஞ்சின் இரு கண்களுக்கும் இடையிலான அகலத்தைவிட நீளமான பூச்சியைத் தரக் கூடாது. ஐம்பது குஞ்சுகள் வளர வளர, நாளொன்றுக்குத் தேவைப்படும் பூச்சிகள் ஆயிரத்தைத் தாண்டும்; இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இணைசேர்ப்பில் இறங்கியவர்களே பின்னர் திணறுகிறார்கள்.

வளர்ப்புப் பெட்டி சிறியதாக இருப்பதே நல்லது. பெரிய கூண்டில் விட்டால் குஞ்சுக்குப் பூச்சியும் கிடைக்காது, வளர்ப்பவர் கண்ணுக்குக் குஞ்சும் தெரியாது. தரையில் வெறும் காகிதத் துண்டு, தீக்குச்சிப் பருமனுள்ள குச்சிகள், சிறு இலைச் செடி ஒன்று இருந்தால் போதும். பெட்டிக்கு ஐந்து முதல் பத்துக் குஞ்சுகள் வரை விடலாம். வெயில் காயும் இடம் 27, 28 பாகைக்கு மேல் போகக் கூடாது. சிறு உடல் மிக விரைவாகச் சூடேறிவிடும். புற ஊதா-பி ஒளி முதல் நாளிலிருந்தே வேண்டும், ஆனால் வளர்ந்தவற்றுக்கு வைப்பதைவிட மென்மையாக. நாளில் பலமுறை, சில விநாடிகள் மட்டும் நீடிக்கும் மிக நுண்ணிய தெளிப்புத் தர வேண்டும். வலுவாகப் பீய்ச்சினால் குஞ்சுகள் கிளையிலிருந்து விழுந்து, தரையில் தேங்கிய நீரில் மூழ்கியும் விடும். உணவை நாளுக்கு இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, கால்சியம் தூளை மிக மெல்லியதாகத் தூவித் தர வேண்டும். இரவில் எஞ்சிய கிரிக்கெட்டுகளை அகற்றிவிட வேண்டும். உறங்கும் குஞ்சுகளின் தோலை அவை கடிக்கும்.

ஒரே ஈட்டுக் குஞ்சுகளில் இரண்டே வாரங்களில் அளவு வேறுபாடு தெரியும். பெரியவை நல்ல கிளைகளைப் பிடித்துக்கொள்ளும். சிறியவை கருத்த நிறத்தோடு மூலையில் ஒதுங்கி, பூச்சி எதிரே வந்தாலும் நாக்கை நீட்டாது. இதை நோய் என்று எண்ணி மருந்து தேடுவதைவிட, அந்தக் குஞ்சைத் தனியே பிரித்தால் பல நேரங்களில் மறுநாளே உண்ணத் தொடங்கிவிடும். வாரம் ஒருமுறை அளவு வாரியாகப் பிரித்து அடுக்குவது கட்டாயம். வால் நுனியும் விரல்களும் கடிபடத் தொடங்கினால் பிரிப்பில் தாமதித்துவிட்டோம் என்று பொருள். எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கூண்டு வேண்டும். அதாவது ஐம்பது குஞ்சுகளுக்கு ஐம்பது கூண்டுகள், ஐம்பது ஒளியமைப்புகள். இத்தனைக்கு இடமில்லாதவர்கள், பொரிக்கும் முட்டைகளின் எண்ணிக்கையைத் தொடக்கத்திலேயே வரம்புக்குள் வைத்துக்கொள்வதுதான் நேர்மையான வழி.

பாலினம் அறிவதில் யேமன் இனம் எளிது: ஆண் குஞ்சின் பின்கால் பாதத்தின் பின்புறம் சிறு முள் போன்ற முனைப்பு பொரிந்த நாளிலேயே தெரியும். பாந்தரில் வாலின் அடிப்பகுதி பருப்பதைக் கொண்டு மூன்று, நான்கு மாதங்களில் அறியலாம். மூன்று மாதம் நிறைவதற்கு முன் எந்தக் குஞ்சையும் பிறரிடம் ஒப்படைக்கக் கூடாது. தானாக உண்டு, நீர் குடித்து, வாராவாரம் எடை கூடி வருவதைக் கண்ட பின்னரே கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது பொரிந்த தேதி, பெற்றோர் வழி, எடைப் பதிவு, இதுவரை தின்ற பூச்சி வகைகள், தூவிய தூள்களின் பெயரும் இடைவெளியும் அடங்கிய தாளையும் சேர்த்துத் தர வேண்டும். பெறுபவரின் கூண்டு விளக்கோடும் செடியோடும் ஏற்கெனவே தயாராக இருப்பதைப் படத்திலாவது பார்த்த பின்னரே ஒப்படைக்க வேண்டும்.